ட்வீட்டர் சேர்த்தால் பாட்டு தெளியுமா? வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும் செய்ய வேண்டியவை

என் ஸ்பீக்கர்களில் பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கத் தொடங்கியது. குரல் இருந்தது, ஆனால் பாடுகிறவரின் உதடு தெரியவில்லை. ‘ச’, ‘ஸ’ எல்லாம் மழுங்கி வந்தன. மேல் ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் போதவில்லை என்று முடிவுகட்டி, கூடுதலாக ஒரு ஜோடி வாங்கிப் பெட்டிகளின் தலையில் வைத்து, இருந்த வயரிலேயே சேர்த்துவிட்டேன். முதல் பத்து நிமிடம் தூசி படிந்த கண்ணாடியைத் துடைத்ததுபோல் இருந்தது. அரை மணி நேரத்தில் காது எரிந்தது. மூன்றாம் நாள் புது ட்வீட்டர்களில் ஒன்று அடங்கிவிட்டது.

அதற்குப் பிறகுதான் மல்டிமீட்டரை எடுத்து ஒவ்வொன்றாகச் சோதித்தேன். இடது பெட்டிக்குள் இருந்த பழைய ட்வீட்டர் எப்போதோ கருகியிருந்தது. அதை மாற்றியதும் போர்வை விலகியது. கூடுதல் ஜோடிக்கு அங்கே வேலையே இல்லை. பல மாதம் கழித்து அதே மாடல் ட்வீட்டர்களை, ஒற்றை ஸ்பீக்கர் மட்டும் கொண்ட வேறு இரண்டு பெட்டிகளில் கணக்குப் போட்டுப் பொருத்தினேன். அங்கே பலன் முதல் பாட்டிலேயே தெரிந்தது.

ஆகவே அவசரத்தில் இருப்பவர்களுக்கு என் பதில் இது: பெட்டியில் ட்வீட்டரே இல்லையென்றால் சேர்ப்பது நல்ல பலன் தரும். வேலை செய்கிற ட்வீட்டர் ஏற்கெனவே இருக்கிறதென்றால் இன்னொன்று சேர்ப்பது பெரும்பாலும் ஒலியைக் கெடுக்கும். உங்கள் பெட்டி இந்த இரண்டில் எது என்பதைக் காசு செலவழிக்கும் முன்பே கண்டுபிடித்துவிடலாம். கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். முதல் மூன்று படிகளுக்கு ஒரு மாலை நேரம் போதும், செலவும் இல்லை.

1. இருக்கிற ட்வீட்டர் உயிரோடு இருக்கிறதா?

பேச்சு மட்டும் உள்ள ஒரு பதிவைக் குறைந்த சத்தத்தில் ஓடவிடுங்கள். ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ட்வீட்டருக்கு நேராக இரண்டு விரல் தள்ளிப் பிடியுங்கள். உயிருள்ள ட்வீட்டரிலிருந்து வார்த்தை முழுதாக வராது. ‘ஸ்ஸ்’, ‘ட்ச்’ என்று எழுத்துகளின் கூர்முனை மட்டும் கேட்கும். ஒன்றுமே கேட்கவில்லை என்றாலோ கீழ் ஒலிகளைத் தரும் பெரிய ஸ்பீக்கரான ஊஃபரின் முணுமுணுப்பு மட்டும் கேட்கிறது என்றாலோ அந்த ட்வீட்டர் சந்தேகத்துக்குரியது. இடது, வலது இரண்டையும் இப்படிப் பாருங்கள். ஒன்று முழுதாகச் செத்திருப்பதைவிட, ஒன்று மற்றதைவிட மெலிந்திருப்பதுதான் எளிதில் தப்பிவிடும். சில ட்வீட்டர்களின் காந்த இடுக்கில் காந்தத் திரவம் நிரப்பியிருப்பார்கள். வருடக்கணக்கில் அது கெட்டியாகிவிட்டால் ஒலி இப்படித்தான் மெலியும்.

அடுத்து, ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு இடது பெட்டியின் வயரையும் வலது பெட்டியின் வயரையும் இடம் மாற்றுங்கள். மழுங்கல் எதிர்ப்பக்கத்துக்குத் தாவினால் கோளாறு ஆம்பிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது. அதே பெட்டியில் நின்றால் பெட்டிக்குள் இருக்கிறது.

மல்டிமீட்டர் இருந்தால் உறுதியாகவே தெரிந்துவிடும். இங்கேதான் நான் முதலில் ஏமாந்தேன். பெட்டியின் பின்னாலுள்ள முனைகளில் மீட்டரை வைத்தேன், 6 ஓமுக்குப் பக்கத்தில் காட்டியது, எல்லாம் சரி என்று எழுந்துவிட்டேன். மீட்டர் காட்டியது ஊஃபரை. ட்வீட்டருக்கு முன்னால் கீழ் ஒலிகளைத் தடுக்கும் ஒரு கெப்பாசிட்டர் இருப்பதால் மீட்டரின் மின்சாரம் அதன் வழியாகப் போகவே போகாது. ட்வீட்டரைக் கழற்றி, அதன் ஒரு வயரையாவது பிரித்து, அதன் முனைகளிலேயே நேராக அளக்க வேண்டும். 8 ஓம் ட்வீட்டர் சுமார் 5.5 முதல் 7 வரை காட்டும். 4 ஓம் ட்வீட்டர் 3-க்கும் 4-க்கும் இடையில் காட்டும். மீட்டர் முனை தொடும்போது ‘க்ரிக்’ என்று மெல்லிய சத்தமும் வரும். எண்ணே வராமல் திறந்த சுற்று என்று காட்டினால், உள்ளிருக்கும் மெல்லிய கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் அறுந்துவிட்டது. கூடுதல் ட்வீட்டரை மறந்துவிட்டு, அதே மாடலிலோ அதே அளவுகள் உள்ளதிலோ ஒரு மாற்று ட்வீட்டரைத் தேடுங்கள். உங்கள் வேலை அத்தோடு முடிந்தது.

கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. ட்வீட்டரின் காந்தம் திருப்புளியைச் சட்டென்று இழுக்கும். கை லேசாகத் தளர்ந்தால் முனை நேராக டோமுக்குள், அதாவது நடுவில் அதிரும் மெல்லிய அரைக்கோளத்துக்குள், இறங்கிவிடும். ஒரு கையால் டோமின் மேல் தடித்த அட்டை ஒன்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் திருகுங்கள். டோமை விரலால் தொட்டுப் பார்க்கும் ஆசையையும் அடக்குங்கள். பட்டு டோம் குழிந்தால் சில நேரம் மீளும், உலோக டோம் மீளாது.

2. மழுங்கல் பாட்டிலா, இணைப்பிலா, அறையிலா?

ட்வீட்டர் நன்றாக இருந்தும் ஒலி மங்கலாக இருந்தால், அதற்குக் கொடுக்கப்படும் பதிவிலேயே மேல் ஒலிகள் இல்லாமல் இருக்கலாம். 128 கிலோபிட் எம்பி3 கோப்புகள் பெரும்பாலும் 16,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் வெட்டப்பட்டவை. எஃப்எம் வானொலி 15,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். சிடியில் 22,050 ஹெர்ட்ஸ் வரை இடம் இருக்கிறது. ஆகவே சோதனைக்கு ஒரு நல்ல சிடியையோ, சுருக்கத்தால் எதையும் இழக்காத ஃப்ளாக் கோப்பையோ எடுத்துக்கொள்ளுங்கள்.

புளூடூத்தில் ஒரு பொறி இருக்கிறது. கணினி சில நேரம் ஸ்பீக்கரைத் தொலைபேசி அழைப்புக்கான முறையில் இணைத்துவிடும். மைக் உள்ள புளூடூத் கருவிகளில் இது அடிக்கடி நடக்கும். அந்த முறையில் பெரும்பாலும் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் வராது. பழைய வகை அழைப்பு முறை என்றால் 4,000-க்கு மேலேயே வராது. எந்த ட்வீட்டராலும் இதைச் சரிசெய்ய முடியாது. ஒலி அமைப்பில் ஸ்டீரியோ முறையைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

பிறகு பெட்டி நிற்கும் கோணம். மேல் ஒலிகள் டார்ச் வெளிச்சம்போல நேராகப் போகிறவை. ட்வீட்டர் முழங்கால் உயரத்தில் இருந்து, நீங்கள் சோஃபாவில் உட்கார்ந்து கேட்டால், உங்களுக்கு வரவேண்டியது முழங்காலுக்குப் போகிறது. ட்வீட்டர் உட்கார்ந்த நிலையில் காது மட்டத்துக்கு வரும்படி பெட்டியை உயர்த்துங்கள், உங்களை நோக்கிச் சற்றுத் திருப்புங்கள். தடித்த திரைச்சீலை, கம்பளம், மெத்தை நிறைந்த அறை மேல் ஒலிகளை உறிஞ்சிக்கொள்ளும். பெட்டிக்கு நேர் முன்னால் நிற்கும் பொருள்களை அகற்றிவிட்டுக் கேளுங்கள். இந்த ஒரு வேலையே பாதிப் பேருக்குப் போதுமானதாக இருக்கும் என்று நான் நம்புகிறேன். எனக்குத் தெரிந்த இரண்டு வீடுகளில் பெட்டியைத் திருப்பி வைத்ததோடு பேச்சு முடிந்துவிட்டது.

அதற்கும் அசையவில்லையா? டிரெபிளை, அதாவது மேல் ஒலிகளின் அளவை, இரண்டு மூன்று டெசிபெல் ஏற்றிப் பாருங்கள். அதிகம் வேண்டாம். 6 டெசிபெல் ஏற்றினால் அந்தப் பகுதியில் ட்வீட்டருக்குப் போகும் மின்திறன் நான்கு மடங்காகிறது.

3. உங்கள் காது எதுவரை கேட்கிறது?

மனிதக் காதின் எல்லை 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் என்பது இளம் வயதுக் கணக்கு. நடுத்தர வயதில் 12,000 முதல் 15,000 வரை கேட்டாலே நல்ல காது. 8,000, 10,000, 12,000, 14,000, 16,000 ஹெர்ட்ஸ் சோதனை ஒலிகளை ஹெட்ஃபோனில் குறைந்த சத்தத்தில் கேட்டு, எது வரை வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கேட்கவில்லை என்பதற்காகச் சத்தத்தை ஏற்றாதீர்கள். ஸ்பீக்கரில் இந்தச் சோதனையைச் செய்து, ஒலி கேட்காமல் குமிழைத் திருகிக்கொண்டே போனால் ட்வீட்டர் சத்தமில்லாமல் கருகும். வீட்டில் குழந்தை இருந்தால் உங்களுக்குக் கேட்காத அந்த ஒலி அதற்கு வலிக்கும்.

இந்த எண் எதற்கு? பியானோவின் கடைசிக் கட்டையின் அடிப்படை ஒலியே 4,186 ஹெர்ட்ஸ்தான். ட்வீட்டர் தருவது பெரும்பாலும் சுரத்தை அல்ல, சுரத்தின் மேல் படியும் இழையை. குரலில் ‘ஸ’ என்கிற சீறல் 5,000-க்கும் 10,000-க்கும் இடையில் உட்கார்ந்திருக்கிறது. சிம்பலின் மினுமினுப்பும் சாவிக்கொத்தைக் குலுக்கும் சத்தமும் அதற்கு மேலேயும் ஏறுகின்றன. நீங்கள் சேர்க்கும் ட்வீட்டர் இந்தப் பகுதியில் ஏதாவது நிரப்ப வேண்டும். அப்போதுதான் பலன்.

20,000-க்கு மேலே மட்டும் வேலை செய்யும் ‘சூப்பர் ட்வீட்டர்’ பற்றிப் பலர் கேட்கிறார்கள். 2007-ல் மேயர், மோரன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், உயர்தர டிஸ்க்குகளின் ஒலியைச் சிடியின் தரத்துக்கு இறக்கிக் கொடுத்தபோது, கேட்டவர்கள் 554 முறையில் 276 முறைதான் எது எது என்று சரியாகக் கண்டுபிடித்தார்கள். நாணயம் சுண்டினாலும் அவ்வளவு வரும். 2016-ல் ஜோஷுவா ரைஸ் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சரியான விடை 52 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டியது, பயிற்சி பெற்றவர்களுக்குக் கூடுதல். வித்தியாசம் இருக்கலாம், ஆனால் அவ்வளவு மெல்லியது. பெட்டியில் 40,000 ஹெர்ட்ஸ் என்று ஒட்டியிருக்கும் சீட்டுக்காகக் காசு கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தக் காசில் பெட்டிக்கு நல்ல ஸ்டாண்ட் வாங்குங்கள்.

4. உங்கள் பெட்டி எந்த வகை?

ஒற்றை ஸ்பீக்கர் பெட்டி: நான்கு, ஐந்து, ஆறு இஞ்சுக் கூம்பு ஒன்று மட்டும், கெப்பாசிட்டர்கூட இல்லாமல் நேராக வயரில் இணைந்திருக்கும். இங்கே சேர்க்கலாம், சேர்க்கத்தான் வேண்டும் என்பேன். காரணம் எளிது. ஒலியின் அலைநீளம் கூம்பின் அகலத்துக்குச் சமமாகும் இடத்திலிருந்து ஒலி பரவாமல் குவியத் தொடங்குகிறது. நான்கு இஞ்சுக் கூம்புக்கு அது சுமார் 3,500 ஹெர்ட்ஸ். நேராக உட்கார்ந்தால் கேட்கும், அரையடி நகர்ந்தால் மங்கிவிடும். 25 மில்லிமீட்டர் டோமுக்கு அதே எல்லை 13,000-க்கும் மேலே. அதனால் அறையின் எந்த மூலையிலும் பேச்சு தெளிவாகிறது.

இருவழி, மூவழிப் பெட்டி: ஒலியைப் பிரித்து இரண்டு அல்லது மூன்று வகை ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் கிராஸ்ஓவர் என்ற சுற்றும் ட்வீட்டரும் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைக்கப்பட்டவை. இதில் இன்னொன்றைச் சேர்த்தால் இரண்டு ட்வீட்டர்கள் ஒரே ஒலியை இரு இடங்களிலிருந்து அனுப்பும். 10,000 ஹெர்ட்ஸின் அலைநீளம் 3.4 சென்டிமீட்டர். இரண்டிலிருந்தும் உங்கள் காதுக்கு உள்ள தூரத்தில் வெறும் 1.7 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தால் அந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தலையை அசைத்தால் வேறு ஒலி அழியும். என் காது எரிந்ததன் காரணம் இதுவும், இரட்டிப்பான மேல் ஒலியும்தான். இந்த வகைப் பெட்டி வைத்திருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சவுண்ட்பார், புளூடூத் பெட்டி, ஆம்ப் உள்ளேயே அமைந்த ஆக்டிவ் ஸ்பீக்கர்: திறக்கவே வேண்டாம். உள்ளிருக்கும் மின்சுற்று அந்த ஸ்பீக்கர்களுக்கென்றே ஒலியைத் திருத்தி அனுப்புகிறது.

5. கையில் வைத்திருக்க வேண்டிய காகிதங்கள்

முதலாவது உத்தரவாதச் சீட்டு. காலம் முடியவில்லை என்றால் பெட்டியைத் திறக்காதீர்கள். ட்வீட்டரைப் பெட்டிக்கு வெளியே வைத்து வயரில் சேர்ப்பது வேறு, துளை போடுவது வேறு.

இரண்டாவது, ஆம்பின் கையேடு அல்லது அதன் பின்பக்க எழுத்து. ‘குறைந்தபட்சம் 4 ஓம்’, ‘6 முதல் 16 ஓம்’ என்று ஏதாவது இருக்கும். 8 ஓம் ஸ்பீக்கரோடு 8 ஓம் ட்வீட்டர் சேரும்போது, இரண்டும் ஒன்றாக ஒலிக்கும் பகுதியில் சுமை 4 ஓமை நோக்கி இறங்கும். ஸ்பீக்கரே 4 ஓம் என்றால், இன்னொரு 4 ஓம் ட்வீட்டரைச் சேர்ப்பது ஆம்பைச் சூடாக்கும்.

மூன்றாவது, ட்வீட்டரின் டேட்டாஷீட், அதாவது தயாரிப்பாளர் தரும் அளவுகளின் தாள். இது இல்லாத ட்வீட்டரை வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும். அதில் நான்கு விஷயம் பாருங்கள்: எத்தனை ஓம், உணர்திறன் (ஒரே அளவு மின்திறனுக்கு எவ்வளவு சத்தம் தருகிறது) எத்தனை டெசிபெல், ஒத்ததிர்வு (டோம் இயல்பாகவே அதிரும் இடம்) எத்தனை ஹெர்ட்ஸ், ஒலி அளவைக் காட்டும் வரைபடம் எங்கே சமமாகத் தொடங்குகிறது. ‘100 வாட்’ என்ற எழுத்தை நம்பி இறங்க வேண்டாம். குறிப்பிட்ட கிராஸ்ஓவரோடு, இசை ஓடும்போது, மொத்த ஆம்பின் அளவு என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள். ட்வீட்டரின் வாய்ஸ் காயில் தாங்குவது சில வாட்டுகள்தான்.

நான்காவது, வாங்கிய ரசீதும் திருப்பிக் கொடுக்கும் கெடுவும். ஈயம் பற்றவைத்த பொருளை யாரும் திரும்ப எடுக்க மாட்டார்கள். அதனால் சோதனை முடியும்வரை கிளிப்பு வயரை மட்டும் பயன்படுத்துங்கள். கெடு முடியும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே கேட்டு முடிவெடுத்துவிடும்படி நாளைத் திட்டமிடுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, ட்வீட்டர் ஜோடியின் விலையை மட்டும் கணக்கிட்டால் ஏமாறுவீர்கள். நல்ல ஃபிலிம் கெப்பாசிட்டர், ரெசிஸ்டர்கள், வயர், வைக்க ஒரு சட்டம் எல்லாம் சேர்ந்தால் எனக்கு ட்வீட்டர் விலையில் பாதி கூடுதலாக ஆனது. மொத்தத் தொகை உங்கள் பெட்டிகளின் இன்றைய மதிப்பில் பாதியைத் தாண்டினால், பெட்டியையே மாற்றுவது நல்லது.

6. எந்த ட்வீட்டர்?

25 மில்லிமீட்டர் பட்டு டோம், 8 ஓம். புதிதாகத் தொடங்குகிறவர் இதில் ஆரம்பித்தால் தவறு குறைவு. பியெசோ வகை மலிவாகக் கிடைக்கும், வாய்ஸ் காயில் இல்லாததால் எளிதில் கருகாது, ஆனால் வீட்டுக்குள் அருகிலிருந்து கேட்கும்போது அதன் கரகரப்பு எனக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. கொம்பு வைத்தவை பெரிய கூடத்துக்கானவை.

உணர்திறன் உங்கள் ஸ்பீக்கருக்குச் சமமாகவோ சற்று அதிகமாகவோ இருக்கட்டும். அதிகமானதைக் குறைக்கலாம், குறைவானதை ஏற்ற வழியில்லை.

7. கெப்பாசிட்டர் கணக்கு

ட்வீட்டரை நேரடியாக வயரில் சேர்த்தால் பேஸ் ஒலியும் அதற்குள் போய்ச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். சோதனைக்காக ஒரு நொடி தொட்டுப் பார்ப்பதுகூடக் கெப்பாசிட்டர் வழியாகத்தான். என் புது ட்வீட்டர் செத்ததும் இங்கே செய்த பிழையால். அதோடு வந்த மலிவான கெப்பாசிட்டரின் அளவைப் பார்க்காமலே போட்டிருந்தேன். அது உள்ளே விட்ட கீழ் ஒலிகளை ட்வீட்டர் தாங்கவில்லை.

கணக்கு சின்னது. 1,59,155-ஐ ஓமால் வகுத்து, வருவதை ஹெர்ட்ஸால் வகுத்தால் மைக்ரோஃபாரட் கிடைக்கும். 8 ஓம் ட்வீட்டருக்கு 2.2 மைக்ரோஃபாரட் போட்டால் சுமார் 9,000 ஹெர்ட்ஸிலிருந்து வேலை தொடங்கும். 3.3 போட்டால் 6,000. 4.7 போட்டால் 4,200. ட்வீட்டர் 4 ஓம் என்றால் அதே 4.7-க்கு 8,500 ஆகிவிடும். அதனால் ஓம் பார்க்காமல் அடுத்தவர் சொன்ன எண்ணை எடுத்துப் போடாதீர்கள்.

எந்த ஹெர்ட்ஸைத் தேர்வது? டேட்டாஷீட்டில் உள்ள ஒத்ததிர்வு எண்ணைப் பாருங்கள். ஒற்றைக் கெப்பாசிட்டரின் தடுப்பு மெதுவாகச் சரிகிறது, ஓர் எண்மத்துக்கு, அதாவது ஹெர்ட்ஸ் எண் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும், 6 டெசிபெல்தான். ஆகவே ஒத்ததிர்வின் மூன்று நான்கு மடங்குக்கு மேலே தொடங்குவது பாதுகாப்பு. ஒத்ததிர்வு 1,500 என்றால் 6,000 பொருத்தமான இடம். நான் 3.3-ல் தொடங்கி, ‘ஸ’ ஒலி கூர்மையாகத் தெரிந்ததால் 2.2-க்கு வந்தேன். ஃபிலிம் கெப்பாசிட்டர் வாங்குங்கள், 100 வோல்ட் தாங்குவதாக இருந்தால் வீட்டு ஆம்புக்குத் தாராளம். 8 ஓமில் 100 வாட் கொடுக்கும் ஆம்பின் உச்ச வோல்டேஜே 40-தான். பிளஸ் மைனஸ் குறியிட்ட சாதாரண எலக்ட்ரோலிட்டிக் இங்கே ஆகாது.

8. சத்தத்தைச் சமன் செய்தல்

ட்வீட்டரின் உணர்திறன் 92 டெசிபெல், உங்கள் ஸ்பீக்கர் 86 என்றால் 6 டெசிபெல் குறைக்க வேண்டும். 8 ஓம் ட்வீட்டருக்கு முன் தொடராக 4 ஓம், ட்வீட்டருக்குக் குறுக்கே இணையாக 8 ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். 3 டெசிபெல் மட்டும் குறைக்க, தொடரில் சுமார் 2.3 ஓம், குறுக்கே சுமார் 19 ஓம். 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் போதும். வரிசை முக்கியம்: முதலில் கெப்பாசிட்டர், பிறகு ரெசிஸ்டர்கள், கடைசியில் ட்வீட்டர்.

ஒரே ஒரு ரெசிஸ்டரைத் தொடரில் போட்டு முடித்துவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் கெப்பாசிட்டர் பார்க்கும் ஓம் மாறிவிடும். 8 ஓம் ட்வீட்டரோடு 8 ஓம் ரெசிஸ்டர் தொடரில் சேர்ந்தால் 9,000 ஹெர்ட்ஸ் என்று நினைத்தது 4,500-க்கு இறங்கும். இரண்டு ரெசிஸ்டர் முறையில் மொத்தம் 8 ஓமாகவே நிற்கிறது, போட்ட கணக்கு கலையாது.

9. வைப்பதும் இணைப்பதும்

அரை நாள் ஒதுக்குங்கள். ஆம்பை அணைத்து, மின்செருகியைப் பிடுங்கிய பிறகே வயரைத் தொடுங்கள்.

ட்வீட்டர் ஸ்பீக்கர் கூம்புக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது. 6,000 ஹெர்ட்ஸின் அலைநீளம் 5.7 சென்டிமீட்டர்தான், அந்த அளவுக்கு நெருக்க முடியாது. ஆனால் ஒரு முழம் தள்ளி வைத்தால் குரலும் அதன் ‘ஸ’வும் இரண்டு இடத்திலிருந்து வருவதுபோல் கேட்கும். பெட்டிமேல் வைப்பதென்றால் முன்விளிம்பில், கூம்புக்கு நேர் மேலே வையுங்கள். இரண்டு பெட்டியிலும் ஒரே இடமாக இருக்கட்டும்.

இடது பெட்டியின் மைனஸும் வலது பெட்டியின் மைனஸும் எங்கேயும் தொட்டுக்கொள்ளக் கூடாது. இன்றைய சிறிய டிஜிட்டல் ஆம்புகள் பலவற்றில் மைனஸ் முனையிலும் சமிக்ஞை ஓடுகிறது. இரண்டையும் ஒரே வயரில் சேர்த்தால் ஆம்ப் போய்விடும்.

பிளஸ் மைனஸ் சரியாக இணைத்த பிறகு, ட்வீட்டரை மட்டும் ஒருமுறை தலைகீழாக மாற்றியும் கேளுங்கள். எது சரி என்று புத்தகக் கணக்கு மட்டும் சொல்லாது, இரண்டின் தூரமும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கிறது. குரல் நிறைவாகக் கேட்கும் இணைப்பு எதுவோ அதை வைத்துக்கொள்ளுங்கள். ஒலியை அளக்கும் மைக் இருந்தால் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளில் இரண்டு கோடுகளையும் வரைந்து ஒப்பிடலாம். கிராஸ்ஓவர் இடத்தில் பள்ளம் விழாத கோடுதான் உங்களுக்கு வேண்டியது.

10. ஒரு வாரம் கேட்டு முடிவெடுங்கள்

முதல் நாள் மயக்கத்தை நம்பாதீர்கள். புதிதாகச் சேர்ந்த ஒலி எதுவானாலும் தெளிவாகத்தான் தோன்றும். ட்வீட்டர் வயரில் ஒரு சாதாரண சுவிட்ச் வைத்து, வீட்டில் ஒருவரை உங்களுக்குப் பின்னால் நின்று தன் விருப்பப்படி போடவும் அணைக்கவும் சொல்லுங்கள். பத்து முறை. ஒவ்வொரு முறையும் ‘இருக்கிறது’, ‘இல்லை’ என்று தாளில் எழுதுங்கள். ஒன்பது சரியாக வந்தால் உங்கள் காது உண்மையிலேயே கேட்கிறது. ஐந்து, ஆறு என்றால் ட்வீட்டரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், கெடு இன்னும் இருக்கிறது.

கேட்கிறது என்றாலும் அது பிடிக்கிறதா என்பது தனிக் கேள்வி. ஒரு வாரம் சேர்த்தே வைத்துக் கேளுங்கள். ஒரு மணி நேரம் கேட்டதும் சத்தத்தைக் குறைக்கத் தோன்றினால் ட்வீட்டர் அதிகமாக ஒலிக்கிறது, இன்னும் இரண்டு மூன்று டெசிபெல் குறையுங்கள். வாரக் கடைசியில் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். அறையே கொஞ்சம் இருட்டினதுபோல் தோன்றினால் அளவு சரியாக அமைந்துவிட்டது. என் ஒற்றை ஸ்பீக்கர் பெட்டிகளில் சுவிட்சை அணைத்ததும், பக்கத்து அறையில் இருந்த என் மனைவி “ஏன் நிறுத்திட்டீங்க?” என்று கேட்டாள். பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஆம்ப் சின்னதாக இருந்தால் குமிழை முக்கால்வாசிக்கு மேல் திருகாதீர்கள். ஆம்ப் தன் எல்லையைத் தாண்டி அலையின் தலையை வெட்டும்போது உண்டாகும் கூடுதல் மேல் ஒலி முழுவதும் ட்வீட்டருக்குத்தான் போகிறது. என் பழைய இடது ட்வீட்டரும் இப்படித்தான் கருகியிருக்க வேண்டும்.

11. ஈயம் பற்றவைத்து மூடும் முன்

சுவிட்சை எடுத்துவிட்டு இணைப்புகளை ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். கெப்பாசிட்டர், ரெசிஸ்டர் எதுவும் பெட்டிக்குள் அதிராதபடி பசையால் ஒட்டுங்கள். பேஸ் அடிக்கும்போது வரும் ‘டர்ர்’ சத்தத்துக்குப் பாதி நேரம் காரணம் ஒட்டாமல் விட்ட ஒரு சின்னப் பொருள்தான். ரெசிஸ்டர் சூடாகும், அதைப் பஞ்சில் புதைக்காதீர்கள்.

பிறகு ஒரு துண்டுச் சீட்டில் ட்வீட்டரின் மாடல், ஓம், கெப்பாசிட்டர் அளவு, ரெசிஸ்டர் அளவுகள், எந்த முனை பிளஸ், தேதி எல்லாவற்றையும் எழுதிப் பெட்டியின் உட்பக்கம் ஒட்டுங்கள். என் பழைய பெட்டியைத் திறந்தபோது அப்படி ஒரு சீட்டு இல்லை. கருகிய ட்வீட்டரின் பின்னால் இருந்த எழுத்தும் அழிந்திருந்தது. மாற்று எது என்று கண்டுபிடிக்கவே மூன்று வாரம் ஆனது.